கையெழுத்துக்கு முன்பே எழுந்த அணைகள்

பரம்பிக்குளம் அணை கேரள மண்ணில் நிற்கிறது. அதைக் கட்டியதும் இன்றுவரை பராமரித்து வருவதும் தமிழ்நாடு அரசு. பாலக்காட்டிலிருந்து அந்த அணையைப் பார்க்கப் புறப்படும் ஒருவர் முதலில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாக மலையேறி, அங்கிருந்து மறுபடியும் கேரளத்துக்குள் போக வேண்டும். சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் தலைமுறைகளாக வாழும் எங்களைப் போன்ற தமிழர்களுக்கு இது விந்தையாகப் படுவதில்லை. எங்கள் நிலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது; வீட்டில் பேசுவது தமிழ்; தேங்காய் விலையை விசாரிப்பது பொள்ளாச்சியில்; நெல்லைக் கொடுப்பது கேரள அரசின் கொள்முதலுக்கு. எங்கள் வயலுக்கு வரும் தண்ணீரும் அதே போல எல்லையைக் கடந்துதான் வருகிறது.

பெரிய அணைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றின் உயரத்தையும், ஆன செலவையும், திறந்துவைத்த தலைவரின் பெயரையும் எழுதுகிறார்கள். நாடு தன்னைப் பெரிதென்று உணர்ந்த தருணங்களாக அவையே நினைவில் தங்குகின்றன. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் தண்ணீரை எல்லையின் இந்தப் பக்கத்திலிருந்து வாங்கிப் பயிர் செய்கிறவன் என்ற முறையில், எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறொன்று. மொழிவழியாகப் பிரிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த இரு மாநிலங்கள் ஒரு தண்ணீர்க் கணக்குக்கு ஒத்துக்கொண்டதும், அந்தக் கணக்கை இத்தனை காலமாக, சண்டையிட்டுக்கொண்டாவது, கைவிடாமல் வைத்திருப்பதுமே இத்திட்டத்தில் நாடு நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளத் தக்கது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய பெருமிதத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை அறிந்த தலைமுறை அது. உணவுக்கு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்த நாட்டில் 226 மீட்டர் உயரத்துக்குப் பக்ரா அணை எழுந்து வந்தபோது, அத்தகைய பணியிடங்களைக் கோயில்கள் என்று நேரு சொன்னதைக் கேட்டவர்கள் அலங்காரப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. 1957-இல் ஒடிசாவில் ஹிராகுட் அணை திறக்கப்பட்டது. சென்னை மாநிலத்தில் கீழ்பவானி, அமராவதி, சாத்தனூர், வைகை என்று அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தேக்கியவர்களே தம் பெயரை உலகில் நிலைநிறுத்தியவர்கள் என்று பாண்டிய மன்னனுக்குச் சங்கப் புலவர் எடுத்துரைத்த மொழியைப் பேசும் நமக்கு, ஆட்சியின் பெருமையை நீர்நிலையால் அளப்பது புதிய பழக்கமும் அன்று.

ஆனால் அதே நேரு, 1958 நவம்பரில், மத்திய நீர்ப்பாசன, மின்சார வாரியத்தின் கூட்டத்தில் பொறியாளர்களின் முன்னால் நின்று, பெரியவற்றை நம்மால் கட்ட முடியும் என்று காட்டுவதற்காகவே பெரியவற்றைக் கட்டும் ஒரு நோய் நம்மைப் பிடித்திருக்கிறது என்று எச்சரித்தார். கோயில் என்ற சொல் பாடப்புத்தகங்களில் ஏறியது. இந்த எச்சரிக்கை ஏறவில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறதோ அந்த நாளும் 1958 நவம்பர் 9 தான். இரண்டும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தது தற்செயல். எனினும் எங்கள் திட்டத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இவ்விரண்டையும் சேர்த்தே நினைக்கிறேன், ஏனென்றால் காட்டிக்கொள்வதற்கென்று இத்திட்டத்தில் அதிகமாக எதுவும் இல்லை.

அதன் பெரும்பகுதி மலைக்குள் ஒளிந்திருக்கிறது. வால்பாறைப் பக்கத்தில் மேல் நீராறு, கீழ் நீராறு இரண்டிலும் மறிக்கப்படும் நீர் சுரங்கத்தின் வழியாகச் சோலையாற்றுக்குப் போகிறது. சோலையாற்றில் மின்சாரம் எடுத்த பின் பரம்பிக்குளத்துக்கு வருகிறது. அங்கிருந்து இன்னொரு சுரங்கத்தில் தூணக்கடவுக்கும், அதனோடு இணைந்த பெருவாரிப்பள்ளத்துக்கும் சேர்ந்து, மறுபடியும் மலையைத் துளைத்துச் சர்க்கார்பதி மின்நிலையத்தில் விழுகிறது. அதன்பின் அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு, மலையடிவாரத்தை ஒட்டி 49 கிலோமீட்டர் வளைந்து வளைந்து செல்லும் காண்டூர் கால்வாயில் திருமூர்த்தி அணைக்குப் போகிறது. மற்றொரு பங்கு ஆழியாற்றுக்கு வருகிறது. மேற்கே ஓடி அரபிக் கடலில் சேர வேண்டிய ஆறுகளின் நீர், கிழக்கே மழைமறைவில் கிடக்கும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கேயம் வட்டாரங்களுக்குத் திருப்பப்படுகிறது. ஆழியாற்றில் சேரும் நீரில் ஒரு பகுதி மணக்கடவு தடுப்பணையைத் தாண்டி, சித்தூர்ப் புழையாக எங்களிடம் வருகிறது. சுற்றுலா வருகிறவர்கள் ஆழியாற்று அணையின் படிகளில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் காண்பது இந்த நீண்ட சங்கிலியின் கடைசி வளையங்களில் ஒன்றை மட்டுமே.

இந்தச் சங்கிலியை மனத்தில் வைத்துக்கொண்டு ஆண்டுகளைப் பாருங்கள். 1956 நவம்பர் 1 அன்று கேரளம் தனி மாநிலமாகிறது. 1957-இல் அங்கே இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைகிறது. சென்னையில் காமராசரின் காங்கிரஸ் அரசு. இரு தரப்பும் டெல்லியிலும் தெருவிலும் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற காலம் அது. அந்த நிலையிலேயே, ஒரு மாநிலத்தின் காட்டில் இன்னொரு மாநிலம் அணை கட்டுவதற்கான உடன்பாடு உருவாகிறது. 1961 அக்டோபர் 7 அன்று நேரு திட்டத்தைத் தொடங்கி வைக்கிறார். நீருக்காக வாதாடிய வி.கே. பழனிசாமிக் கவுண்டரும், பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்து மாநில அமைச்சராகி, பின்னர் மத்திய உணவு அமைச்சராக நாட்டின் பசுமைப் புரட்சிக்கு அடித்தளமிட்ட சி. சுப்பிரமணியமும் இவ்வட்டாரத்தில் இன்றும் நன்றியோடு சொல்லப்படும் பெயர்கள். பாறை வெடிக்கப்படுகிறது, சுரங்கம் தோண்டப்படுகிறது, அணைகள் எழுகின்றன. 1959-இலேயே இ.எம்.எஸ். அரசு கலைக்கப்பட்டிருந்தது; அதன் பிறகும் கேரளத்தில் அரசுகள் மாறுகின்றன, குடியரசுத் தலைவர் ஆட்சியும் வருகிறது, 1967-இல் தமிழகத்தில் காங்கிரஸ் போய் தி.மு.க. வருகிறது. வேலை நிற்கவில்லை. ஒப்பந்தத்தில் முறைப்படி கையெழுத்தானது 1970 மே 29 அன்று, கருணாநிதியும் அச்சுத மேனனும் முதல்வர்களாக இருந்தபோது.

அதாவது, இரு மாநிலங்களும் காகிதத்தில் கையெழுத்திடுவதற்கு ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தன. பாகம் பிரிந்த அண்ணன் தம்பிகள், பத்திரம் பதிவாகும் வரை காத்திராமல் பொதுக் கிணற்றுக்கு முறை வைத்துக்கொண்டு இறைக்கத் தொடங்குவதைப் போன்றது இது. இன்று இரு மாநிலங்களுக்கிடையே ஒரு மதகைப் பழுது பார்ப்பதற்கும் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும்போது, அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை நான் வியப்போடு பார்க்கிறேன். அந்த நம்பிக்கை எந்தப் பொறியியல் சாதனைக்கும் குறைந்தது அன்று.

தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கின் உச்சியில், இதற்கு நேர்மாறான கதை ஒன்று நடந்திருக்கிறது. முல்லைப் பெரியாறு அணைக்கான குத்தகை 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலம், 999 ஆண்டுகள். ஒரு பக்கம் உலகப் பேரரசு. மறுபக்கம் அதற்குக் கட்டுப்பட்ட திருவிதாங்கூர் மன்னர். 1895-இல் அணை திறக்கப்பட்டது. பென்னிகுவிக்கின் படத்தைப் பூசையறையில் வைத்திருக்கும் தேனி மாவட்டக் குடும்பங்களின் நன்றியை நான் முழு மனத்தோடு மதிக்கிறேன், அந்த நீர் அவர்களுக்குச் சோறு போட்டது. ஆனால் அந்த அணையைப் பற்றி எல்லையின் இரு பக்கமும் இன்றுவரை ஒரே குரலில் பேச முடிந்ததில்லை. ஒரு பக்கத்தின் பெருமை மறு பக்கத்தின் இரவு நேரத்து அச்சமாக இருக்கிறது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று தீர்ப்பளித்த பிறகும் இந்த நிலை மாறவில்லை. சமமில்லாதவர்கள் செய்துகொண்ட உடன்பாடு எத்தனை வலுவான அணையைத் தந்தாலும், அது இரு மக்களுக்கும் பொதுவான பெருமையைத் தராது என்றே நினைக்கிறேன். முல்லைப் பெரியாற்றுக் குத்தகைக்கான துணை ஒப்பந்தங்களும் அதே 1970 மே 29 அன்றுதான் கையெழுத்தாயின. ஒரே நாளில் கையெழுத்தான அவற்றில் ஒன்று சமமானவர்கள் புதிதாகச் செய்துகொண்டது, மற்றவை பழைய குத்தகையின் மேல் எழுதப்பட்டவை. வேறுபாட்டை இரு மாநில மக்களும் இன்றும் அனுபவிக்கிறார்கள்.

நர்மதையையும் சொல்ல வேண்டும். பரம்பிக்குளம் திட்டம் தொடங்கப்பட்ட அதே 1961-ஆம் ஆண்டின் ஏப்ரலில் நேரு நர்மதை அணைக்கு அடிக்கல் நாட்டினார். மாநிலங்கள் ஒத்துக்கொள்ளாததால் நடுவர் மன்றம் அமைந்து, அதன் தீர்ப்பு 1979-இல் வந்து, பின்னர் நிலமிழந்தவர்களின் நீண்ட போராட்டத்தைக் கடந்து, சர்தார் சரோவர் அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 2017 செப்டம்பரில். அது மிகப் பெரிய அணை, மிகப் பெரிய விழா. இடையில் போன ஐம்பத்தாறு ஆண்டுகளை அந்த விழா மேடையில் யாரும் பெருமையாகச் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் திட்டத்திலும் கணக்கில் சேர்க்கப்படாதவர்கள் இருந்தார்கள். காடர், மலசர், மலைமலசர் குடிகள் பரம்பிக்குளம் காடுகளில் எந்த அரசும் வருவதற்கு முன்பே வாழ்ந்தவர்கள். அணை வருவதற்கு முன், அந்தக் காட்டின் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்குவதற்காகக் கொச்சி அரசு 1907 முதல் ஒரு டிராம் பாதையை ஓட்டியது. 1963 வரை அது ஓடியது. முதலில் மரத்துக்காகவும், பிறகு தண்ணீருக்காகவும், அதற்குப் பிறகு புலிகள் காப்பகத்துக்காகவும் அந்தக் குடிகளின் நிலத்தில் வெளியிலிருந்து வந்தவர்கள் கோடு போட்டார்கள். இரு முதல்வர்களுக்கிடையே இருந்த நம்பிக்கையைப் புகழும் நான், அந்த நம்பிக்கையின் மேசையில் இவர்களுக்கு ஓர் இருக்கை போடப்படவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். தங்கள் சொந்த மாவட்டத் தலைநகருக்குப் போக அண்டை மாநிலத்தின் சோதனைச் சாவடிகளைக் கடக்க வேண்டியிருக்கும் அவர்களுக்கு, கேரளத்துக்குள்ளேயே ஒரு நல்ல சாலை வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவது. அது நியாயமான கோரிக்கை. அதை நிறைவேற்றுவதற்கு எந்த மாநிலத்துடனும் ஒப்பந்தம் தேவைப்படாது.

இனித் தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன். ஒவ்வொரு ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரையிலான நீராண்டில் மணக்கடவில் கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தரப்பட வேண்டும். கேரளச் சோலையாற்றுக்கு 12.3 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. மணக்கடவுப் பங்கை எந்தப் பதினைந்து நாளில் எவ்வளவு விடுவது என்பதை இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்த கூட்டு வாரியம் அட்டவணை போட்டு முடிவு செய்கிறது. மணக்கடவில் ஓடும் நீரை அளவுப் பலகையில் பார்த்துப் பேரேட்டில் பதிகிறார்கள். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் காலையில் மலையாளப் பத்திரிகையும் தமிழ்ப் பத்திரிகையும் அடுத்தடுத்துக் கிடக்கும். ஒன்றில் தமிழ்நாடு தண்ணீரைக் குறைத்துவிட்டது என்று இருக்கும். மற்றொன்றில் கேரளத்துக்குத் தண்ணீர் வாரி விடப்படுகிறது என்று இருக்கும். இரண்டையும் படிக்கத் தெரிந்த நாங்கள், இரண்டும் ஒரே பலகையின் ஒரே எண்ணைப் பற்றித்தான் பேசுகின்றன என்பதை அறிவோம். மூலத்தறையிலிருந்து வரும் கால்வாயில் எங்கள் பக்கம் நீர் ஏறும் நாளில், மதகைக் கவனிக்கும் ஊழியரான லஸ்கர் வந்து மசகு படிந்த திருகுக் கம்பியை இரு கையாலும் சுற்றி ஷட்டரை ஒரு சாண் தூக்குவார். முதலில் சருகும் நுரையும் வரும், பிறகு கலங்கல், ஒரு மணி நேரம் கழித்துத் தெளிந்த நீர். எந்த மாநிலத்து மழை அது என்று அந்த நீரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

என் மூத்த சகோதரியை வெள்ளகோவில் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கேயும் வருவது இதே திட்டத்தின் நீர்தான், ஆனால் திருமூர்த்தி அணையிலிருந்து பிரதானக் கால்வாயின் நெடுந்தூரத்தைக் கடந்து, கிளைக் கால்வாயின் கடைமடைக்கு வர வேண்டும். திருமூர்த்தியை நம்பியிருக்கும் ஆயக்கட்டு மட்டும் ஏறத்தாழ 3.77 லட்சம் ஏக்கர். அதை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருப்பதால், ஒரு மண்டலத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் சுற்று வருகிறது. பரம்பிக்குளம் நிரம்பிய செய்தி வந்த ஒரு நாளில் அக்கா வீட்டு மாமாவிடம் தொலைபேசியில் மகிழ்ச்சியோடு அதைச் சொன்னேன். "அணையில எத்தனை அடின்னு சொல்றீங்க மாப்பிள்ளை, சந்தோசம். எங்க மடைக்கு எத்தனை நாள் உடுவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். கடைமடை நீருக்காகக் காங்கேயத்திலும் வெள்ளகோவிலிலும் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய குறை கேரளத்தின் மேல் இல்லை. கால்வாயின் தலைப்பகுதியில் திருட்டுத்தனமாகக் குழாய் போட்டு இழுப்பவர்களின் மேலும், உடைந்த கரைகளின் மேலும், விரிந்துகொண்டே போன ஆயக்கட்டின் மேலும்தான்.

விரிப்பதில் உள்ள ஆசைதான் நேரு சொன்ன அந்த நோயின் உள்ளூர் வடிவம் என்று எனக்குப் படுகிறது. புதிய பகுதிக்குத் தண்ணீர் என்று அறிவிப்பது எந்த அரசுக்கும் எளிது. ஏற்கெனவே வாக்களித்த பகுதிக்கு வாக்களித்த நாளில் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்ப்பது கடினம். காண்டூர் கால்வாயில் பாறை சரிந்து, கசிந்து, நீர் வீணான ஆண்டுகள் பல. சில ஆண்டுகளுக்கு முன்பு ஆழியாற்றிலிருந்து ஒட்டன்சத்திரம் பகுதிக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, பொள்ளாச்சி விவசாயிகளும் பாலக்காட்டு விவசாயிகளும் ஒரே நேரத்தில் எதிர்த்தார்கள். ஒட்டன்சத்திரத்துத் தாய்மார்களின் தாகத்தை யாரும் மறுக்கவில்லை. இருக்கும் கணக்கிலேயே பற்றாக்குறை இருக்கும்போது, கணக்கில் இன்னொரு வரியை எழுதுமுன் எங்களைக் கேட்க வேண்டும் என்பதே இரு பக்கத்தாரும் சொன்னது. பத்திரிகைகளில் அதை இரு மாநிலங்களின் தகராறாகப் படித்தவர்கள், மனு கொடுக்க நின்றவர்கள் பேசிய காரணம் ஒன்றே என்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

2022 செப்டம்பரில், நள்ளிரவைக் கடந்த வேளையில், பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்தது, அதைத் தாங்கிய சங்கிலி அறுந்து பெயர்ந்து போனது. விநாடிக்கு ஏறத்தாழ 20,000 கன அடி நீர் பெரிங்கல்குத்து வழியாகச் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. திருச்சூர் மாவட்டத்தின் கரையோர மக்களுக்கு விடிவதற்கு முன்பே எச்சரிக்கை போனது, உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. ஷட்டரின் மட்டத்துக்குக் கீழே நீர் இறங்கும் வரை நாட்கணக்கில் அது போய்க்கொண்டே இருந்தது. கொங்கு நாட்டுக் கடைமடையும் சித்தூர்ப் புழையும் காத்திருந்த தண்ணீர் அது. அணையை எழுப்பியவர்களின் திறமையில் குறையில்லை, அறுபதுகளில் அவர்கள் கட்டியது இன்றும் நிற்கிறது. ஆனால் ஒரு சங்கிலியைக் காலத்தில் மாற்றுவதற்கு அடிக்கல் கிடையாது, விழா கிடையாது, கல்வெட்டில் பெயர் கிடையாது. அதை மாற்றும் ஊழியருக்கும் அதற்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிக்கும் நாம் என்றாவது மாலை போட்டிருக்கிறோமா என்று அன்று முழுக்க எனக்குக் கேட்கத் தோன்றியது. அந்த நாட்களில் இரு மாநில அலுவலர்களும் ஒருவரோடொருவர் தொடர்பில் இருந்து நீர் எங்கே எவ்வளவு உயரும் என்று தகவல் பரிமாறிக்கொண்டார்கள். பழைய உடன்பாட்டின் பயன் அந்த இரவிலும் தெரிந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதன்படி 1988-இல் முதல் மறு ஆய்வு முடிந்திருக்க வேண்டும். பேச்சுவார்த்தைகள் நடந்திருக்கின்றன, குழுக்கள் அமைந்திருக்கின்றன, முடிவு வரவில்லை. திட்டத்தின் பகுதியாக எழுதப்பட்ட ஆனைமலையாற்று இணைப்பும் கேரளத்தின் இடமலையாற்றுத் திட்டத்தோடு முடிச்சுப் போடப்பட்டுக் கிடப்பில் இருக்கிறது. கேரளத்தின் வாதம் என்ன, தமிழ்நாட்டின் வாதம் என்ன என்பதை நான் இரு மொழிகளிலும் படித்திருக்கிறேன். இரண்டிலும் நியாயம் இருக்கிறது, இரண்டிலும் பிடிவாதமும் இருக்கிறது. மழை பெய்யும் விதம் 1958-இல் இருந்ததைப் போல இல்லை. சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் பல மாதங்கள் ஏமாற்றுகிறது. சராசரி மழையை வைத்துப் போட்ட அட்டவணையை இப்படிப்பட்ட ஆண்டுகளுக்குப் பொருந்துமாறு எப்படித் திருத்துவது என்பது அரசியல்வாதிகளைவிட நீரியல் அறிந்த பொறியாளர்கள் முதலில் உட்கார்ந்து பேச வேண்டிய செய்தி. பேசுவதற்கான மேசை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. அதில் இந்த முறை காடர்களின் ஊர்க்கூட்டத்திலிருந்தும் ஒருவர் அமர வேண்டும், கடைமடையிலிருந்தும் ஒருவர் அமர வேண்டும்.

அதுவரை எங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. மணக்கடவில் அன்றாடம் பதிவாகும் அளவை, தடுப்பணையின் இரு பக்கத்திலும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய பலகையாக வைக்கும்படி எங்கள் பகுதி விவசாயிகள் ஒரு மனு தயாரித்து வருகிறோம். அன்றைக்கு வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, நீராண்டில் இதுவரை மொத்தம் எவ்வளவு என்று மூன்று வரிகள் இருந்தால் போதும். பொள்ளாச்சிப் பக்கத்து நண்பர்களிடமும் கையெழுத்துக் கேட்டிருக்கிறோம்; மனுவை இரு மாவட்ட ஆட்சியர்களிடமும் ஒரே நாளில் கொடுப்பதாக இருக்கிறோம்.